போர்க்களத்தில் செய்தி வழி

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே ஏறத்தாழ 270 அடி உயர்ந்து நிற்கின்றது மலைக்கோட்டை. அதன் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரியும், திருவரங்கத் தீவும், தீவிலுள்ள கோபுரங்களும், அவற்றிற்கு அப்பால் கொள்ளிடத்தின் மணற்பரப்பும் தோன்றும். மறுபுறம் பொன்மலை தெரியும். தெற்கே புதுக்கோட்டைச் சீமையை நோக்கிச் செல்லும் வழிகள் தெரியும். உச்சிப்பிள்ளையாரை வழிபடச் செல்வோர் இன்று கண்டு மகிழும் இக்காட்சி, 1753, 1754 ஆம் ஆண்டுகளில் ஒரு படையின் உயிரைக் காத்து நின்றது. கருநாடகப் போர்கள் நிகழ்ந்த அக்காலத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை ஆங்கிலேயர் காவலில் இருந்தது. பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் அதனைக் கைப்பற்றக் கருதிப் பாளையம் இறங்கியிருந்தனர். கோட்டைக்குள் இருந்தோர்க்கு வேண்டிய உணவுப்பொருள்கள் வெளியிலிருந்தே வரவேண்டும். ஆகவே, மலையுச்சியில் தொலைநோக்கியுடன் ஒருவன் இடையறாது நிறுத்தப்பட்டிருந்தான். பகைவரின் அசைவுகளை அவன் குறிகளாலும் எழுத்தாலும் அறிவித்து வந்தான் என்று அப்போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஆர்ம் என்பார் குறித்துள்ளார்.

‘குறிகளாலும் எழுத்தாலும்’ என்பதில் வரும் எண்ணும்மைகள் உற்று நோக்கத்தக்கவை. ஒருவனே, ஓரிடத்திலேயே இருந்துகொண்டு, இருவேறு வழிகளில் செய்தி அனுப்பியது ஏன்? குறி விரைவானது, மலைமேல் காட்டிய கணமே தொலைவிலுள்ளவனும் அதனைக் காண்பான். ஆனால், முன்னரே பேசி வைத்துக்கொண்ட பொருளையன்றி வேறொன்றையும் அதனால் உணர்த்த இயலாது. ‘பகைவர் புறப்பட்டனர்’ என்று குறியால் சொல்லலாம். ‘புறப்பட்டவர் பாதிப்பேரே, எஞ்சியோர் தோப்பில் மறைந்துள்ளனர்’ என்று சொல்லுதல் அரிது. எழுத்தோ எதனையும் சொல்லவல்லது. ஆயினும், அதனைச் சுமந்துகொண்டு ஒருவன் படிகளில் இறங்கி ஓடவேண்டும். வழியில் அவன் மடியவும் கூடும். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்குமாறு இரண்டும் அமைந்தன. படையின் செய்தி வழிக்கு இதுவே அடிப்படை. வழிகள் பலவாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று கெடுகின்ற காரணத்தால் மற்றொன்றும் கெடாதவாறு அவை வேறு வேறு இயல்புடையனவாக இருத்தல் வேண்டும்.

இவ்வாறு அமையாவிடில் விளைவது யாது என்பதற்குச் சான்று தேடித் தொலைவில் செல்லவேண்டுவதில்லை. அதே மலையின் அடிவாரத்தில், ஓராண்டுக்கு முன் நிகழ்ந்த போரே சான்று.

ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போரிட்டனர். முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751 இல் சந்தா சாகிபும், லா என்னும் பிரெஞ்சுத் தளபதியும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டனர். முற்றுகையைத் தளர்த்தக் கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றிக் காத்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1752 மார்ச்சுத் திங்களின் இறுதியில் லாரன்சும் கிளைவும் படையுடன் திருச்சிராப்பள்ளி வந்து சேர்ந்தனர். அவர்களைத் தடுக்கமாட்டாத லா, ஏப்பிரல் தொடக்கத்தில் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவிற்குள் ஒதுங்கினான். அரங்கநாதர் திருக்கோயிலின் மதில்களும் திருவானைக்காக் கோயிலின் மதில்களும் அவனுக்கு அரண்களாயின. வேதமும் திருவாய்மொழியும் ஒலித்த வீதிகளில் வெடிமருந்து வண்டிகள் உருண்டன. இன்று தெற்கு வாயிலில் 236 அடி உயர்ந்து விளங்கும் இராசகோபுரம் அப்பொழுது இல்லை. அது 1987 இல் நிறைவுற்றது. அடித்தளம் மட்டுமே கொண்ட மொட்டைக் கோபுரமாக அது நின்ற காலம் அது.

தீவு பாதுகாப்பான இடம் என்று லா கருதியிருத்தல் வேண்டும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டும் அகழிகள். ஆனால், அகழி பகைவரைத் தடுப்பது போலவே உள்ளிருப்பவனின் தூதனையும் தடுக்கும் என்பதனை அவன் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. புதுச்சேரியிலிருந்து அவனுக்கு வரவேண்டிய படையும் உணவும் ஓலையும் வடக்கிலிருந்தே வரவேண்டும்.

கிளைவ் இதனைக் கண்டுகொண்டான். படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கொள்ளிடத்திற்கு வடக்கே நிறுத்தினால் லா தனித்துப்போவான் என்று லாரன்சிடம் கூறினான். படையைப் பிரித்தல் இடர் நிறைந்தது. இரு பகுதிகளுக்கும் இடையே இரண்டு ஆறுகளும் ஒரு பகைப்படையும் கிடக்கும். ஆகவே, ஒரு பகுதிக்குத் தீங்கு நேரின் மற்றது விரைநடையில் வந்து சேரக்கூடிய தொலைவைக் கடக்கலாகாது என்று எல்லை வகுத்துக்கொண்டனர். செய்தி அறுந்தாலும் உதவி அறாமல் இருப்பதற்கு வகுத்த எல்லை இது. கிளைவின் துணிவைப் புகழ்வோர் பலர்; இந்த எல்லையை நினைவுகூர்வோர் சிலரே. ஏறத்தாழ 400 ஐரோப்பியரும், 700 சிப்பாய்களும், மராத்தியர் தஞ்சையார் ஆகியோரின் குதிரைப் படையும் கொண்டு கிளைவ் இரவில் கொள்ளிடத்தைக் கடந்து, சமயபுரத்தில் பாளையம் இறங்கினான். அங்கே பெருவழியின் இருமருங்கிலும் இருந்த இரண்டு கோயில்களில் அவன் படை தங்கியது.

லாவுக்கு உதவும்பொருட்டுப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, தோத்தேய் என்னும் தளபதியை 120 ஐரோப்பியருடனும் 500 சிப்பாய்களுடனும் உணவுப்பொருள்களுடனும் அனுப்பினார். ஏப்பிரல் நடுவில் தோத்தேய் சமயபுரத்திற்கு வடக்கேயுள்ள ஊட்டத்தூரை அடைந்தான். கிளைவைச் சுற்றிக்கொண்டு சென்று கொள்ளிடத்தை அடைவதே அவன் எண்ணம். அதனை லாவுக்கு அறிவிக்கத் தூதரை விடுத்தான். அவருள் ஒருவன் கிளைவின் கையில் அகப்பட்டான். வரலாறு தோத்தேயின் பெயரையும் கிளைவின் பெயரையும் குறித்து வைத்துள்ளது. ஓலையைச் சுமந்து நடந்து பகைவரிடம் சிக்கிய அம்மனிதன் பெயரையோ, அவனுக்கு நேர்ந்ததையோ நமக்குச் சொல்லவில்லை. செய்தி வழிகளைப் பற்றிப் பேசும்பொழுது அத்தகையோரை மறத்தல் ஆகாது. போகாத செய்தியால் ஒரு குறைதான். பகைவன் கையில் விழுந்த செய்தியால் இரு குறைகள். வேண்டியவன் அறியாமற் போனதோடு, வேண்டாதவன் அறிந்தும் கொண்டான்.

செய்தியை அறிந்த கிளைவ் அன்றிரவே தோத்தேயை மறிக்கப் புறப்பட்டான். ஆனால், தோத்தேயின் ஒற்றர் விழிப்பாக இருந்தனர். கிளைவ் வருவதை அறிந்த அவன் ஊட்டத்தூருக்கே திரும்பிவிட்டான். வழியில் பகைவரைக் காணாத கிளைவும் சமயபுரத்திற்கே மீண்டான். களைத்து வந்த வீரர்கள் உறங்கச் சென்றனர்.

இங்கேதான் இப்போரின் முடிச்சு உள்ளது. கிளைவ் சமயபுரத்தை விட்டுப் புறப்பட்ட செய்தி லாவுக்கு எட்டியது. அவன் திரும்பிவந்த செய்தி எட்டவில்லை. முதற்செய்தி பொய்யன்று, புறப்பட்டபொழுது அது மெய்யே. லாவின் காதை அடைந்து, அவன் அதனைக் கொண்டு செயல் தொடங்கும் முன்னரே அது பழுதாயிற்று. பாலைப் போலவே செய்தியும் நேரம் கடந்தால் திரிந்துபோவது. திரிந்ததா இல்லையா என்பதனைத் தெரிவிக்க மற்றொரு செய்தி வரவேண்டும். அது வருவதற்கு மற்றொரு வழி இருக்கவேண்டும். லாவுக்கு அது இல்லை. தலைவனில்லாத பாளையத்தை எளிதில் அழிக்கலாம் என்று நம்பி, அவன் அவ்விரவே 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் சமயபுரத்திற்கு அனுப்பினான். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலப் படையைவிட்டு ஓடிவந்து பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தவர்கள்.

நள்ளிரவை ஒட்டி அவர்கள் சமயபுரத்தை நெருங்கினர். காவலர் மறித்து, ‘யார்?’ என்றனர். முன்வந்த தலைவன் அயர்லாந்துக்காரன். ‘கிளைவுக்குத் துணையாக லாரன்ஸ் அனுப்பிய படை நாங்கள்’ என்று ஆங்கிலத்திலேயே விடை கூறினான். உடனிருந்தோரும் ஆங்கிலம் பேசினர். காவலர் அதனால் மயங்கி, கேட்கவேண்டிய அடையாளச் சொல்லைக் கேளாமல் விட்டனர்; வழிகாட்டுவதற்கு ஓர் ஆளையும் உடன் அனுப்பினர். செய்தி வருவதற்கு வழி இருந்தால் மட்டும் போதுமா? அவ்வழியில் வருவது நம்மவர் சொல்தானா என்று ஆராயும் ஏற்பாடும் வேண்டாவா? அடையாளச் சொல் அதற்கென்றே அமைந்தது. ஒரு சொல்லைக் கேட்கச் சோம்பியதால் பகைவர் பாளையத்தின் நடுவே வந்து நின்றனர்.

பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. சிறு கோயிலை அடைந்த பகைவர், அதனுள்ளும் கிளைவ் படுத்திருந்த சாவடியினுள்ளும் சுட்டனர். கிளைவின் அருகிலிருந்த பெட்டி சிதறியது. பக்கத்தில் உறங்கிய ஏவலாள் இறந்தான். கிளைவ் எழுந்து பெரிய கோயிலுக்கு ஓடினான். இருளில் எங்கும் சுடும் ஒலி. தன் சிப்பாய்களே அஞ்சி வீணாகச் சுடுகின்றனர் என்று எண்ணி, பிரெஞ்சுப் படையின் சிப்பாய்களிடையே புகுந்து ‘நிறுத்துங்கள்’ என்று கூவினான். அவர்களுள் ஒருவன் வாளால் வெட்டிய பின்னரே அவர்கள் பகைவர் என்பது புலனாயிற்று. ஆக, அவ்விரவில் இரு பக்கத்துத் தலைவர்க்கும் உண்மை தெரியவில்லை. கிளைவ் ஊரில் இல்லை என நினைத்து வந்தவர் பிரெஞ்சுக்காரர். பகைவர் ஊருக்குள் இல்லை என நினைத்து நின்றவன் கிளைவ்.

விடிந்த பின் சிறு கோயிலில் அடைபட்டிருந்தோர் பணிந்தனர். வந்த 700 சிப்பாய்கள் கொள்ளிடக் கரையை நோக்கி விலகிச் சென்றபொழுது மராத்தியக் குதிரைவீரர் வெட்டவெளியில் அவர்களைச் சூழ்ந்து வெட்டி வீழ்த்தினர். திரிந்துபோன ஒரு செய்தியை நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

ஒற்றன் கொணரும் செய்தியை எவ்வாறு கொள்ளவேண்டும் என்பதனைத் தமிழர் பண்டே ஆராய்ந்துள்ளனர். திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமும் ‘தூது’ என ஓர் அதிகாரமும் உள்ளன. ஒருவன் அறிந்து வந்ததை வேறொருவன் வாயிலாகவும் ஆராய்ந்தே அரசன் நம்பவேண்டும் என்பதும், ஒற்றர் தம்முள் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் வேண்டும் என்பதும், மூவர் உரைப்பது ஒன்றாக இருந்தால் அதனை உண்மை எனத் தெளியலாம் என்பதும் வள்ளுவர் கருத்து. ஒருவரையொருவர் அறியாமை என்னும் கூறு மிக நுட்பமானது. மூவரும் கூடிப் பேசிக்கொண்டு வந்து சொன்னால், அது மூன்று செய்தியாகாது. மூன்று வாயால் சொன்ன ஒரே செய்தியாகும்.

அதன்பின் தீவைச் சுற்றிய வலை இறுகியது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள பிச்சாண்டார்கோயிலும் கிளைவ் வசமாயிற்று. தோத்தேய் பின்வாங்கிச் சென்று இறுதியில் கிளைவிடம் பணிந்தான். ஓலையும் உணவும் வரும் வழி முற்றும் அடைபட்ட லா, 1752 சூன் திங்களில், 700க்கு மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களுடன் தன்னை ஒப்புவித்தான். தஞ்சைத் தளபதியை நம்பிச் சென்ற சந்தா சாகிபு தலை வெட்டப்பட்டு இறந்தார்.

ஓலையும் ஒற்றனும் போய், கம்பியும் மின்னலையும் வந்த பின் இவ்விடர்கள் நீங்கின என்று நினைக்கத் தோன்றும். நீங்கவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் ஓயாது அறுத்தன. கம்பியை ஆழமாகப் புதைத்தனர். இரண்டு கம்பிகளை இணையாக இழுத்து, ஏணிப்படிகளைப் போல இடையிடையே குறுக்கே இணைத்தனர். ஓரிடத்தில் ஒன்று அறுந்தால் பேச்சு மற்றொன்றின் வழியே சுற்றிச் செல்லும். அதுவும் அறுந்தால் ஓடுந்தூதர். அவரும் வீழ்ந்தால் புறா. 1918 அக்டோபரில் பிரான்சு நாட்டின் ஆர்கோன் காட்டில் பகைவரால் சூழப்பட்ட அமெரிக்கப் படைப்பகுதியினர்மேல் அவர்களுடைய பீரங்கிகளே, இடம் அறியாமல், குண்டு பொழிந்தன. அதனை நிறுத்துமாறு எழுதிய சீட்டைப் புறா ஒன்று குண்டடிபட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1944 செப்டம்பரில் ஒல்லாந்தின் ஆர்னெம் நகரருகே வானிலிருந்து இறங்கிய பிரிட்டிசுப் படையின் நிலை இன்னும் எண்ணத்தக்கது. அவர்களிடம் வானொலிக் கருவிகள் இருந்தன. மரங்களும் வீடுகளும் செறிந்த அவ்விடத்தில் பல கருவிகள் வேலை செய்யவில்லை. தன் படைகள் எங்கே உள்ளன என்று அறியமாட்டாத தளபதி தாமே தேடிச் சென்று, பகைவரிடையே ஒரு வீட்டில் ஒளிந்திருக்க நேர்ந்தது. அந்நகரின் தொலைபேசிகளோ அப்பொழுது இயங்கிக்கொண்டிருந்தன! மாற்று வழி அருகே இருந்தும், அதனைக் கொள்ளலாம் என்று முன்னரே திட்டமிடாமையால் அது பெரிதும் பயன்படாமற் போயிற்று.

இக்காலப் படையினர் பலர் நான்கு வழிகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டே களம் புகுகின்றனர். நாள்தோறும் பயன்படுத்துவது முதல்வழி. அதற்கு ஏறத்தாழ நிகரானது இரண்டாவது. மெதுவாயினும் செல்லக்கூடியது மூன்றாவது. எல்லாம் கெட்டபின் கைக்கொள்வது நான்காவது. வரிசை மட்டும் போதாது. எந்நேரம் வரை முதல்வழியில் ஓசை இல்லையெனில் இரண்டாம் வழிக்கு மாறவேண்டும் என்பதனை இரு முனையில் இருப்போரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். ஒருவன் கொடியசைக்க, மற்றவன் வானொலிக் கருவியையே காதில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால் யாது பயன்? ஒரே மின்கலத்தால் இயங்கும் இரண்டு கருவிகள் எண்ணிக்கையில் இரண்டாயினும் வழியில் ஒன்றே. மின்கலம் தீர்ந்தால் இரண்டும் ஊமையாகிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, நான்காம் வழியையும் அமைதிக் காலத்திலேயே பழகி வைத்தல் வேண்டும். ஒடிசாக் காவல் துறையினர் 1946 முதல் செய்திப் புறாக்களைப் பேணிப் பழக்கி வந்தனர். இதனைக் கண்டு நகைத்தோரும் இருந்திருக்கலாம். 1999 இல் பெரும்புயல் அடித்துத் தொலைபேசியும் பிறவும் அற்றபொழுது, அப்பறவைகளே பயன்பட்டன.

வரிசைப்படுத்திய வழிகள் யாவும் ஒருங்கே அற்றுவிட்டால்? அதற்கு விடை காண மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கே வரவேண்டும். மலையுச்சியில் நின்றவனின் தொலைநோக்கி பகலில் மட்டுமே பயன்படும். பகைவரும் இதனை அறிந்திருந்தனர். 1753 நவம்பர்த் திங்களின் இறுதியில், மழைக்காலத்தை முன்னிட்டு லாரன்சு பெரும்படையுடன் கிழக்கே கோவிலடியில் தங்கியிருந்தார். கோட்டையின் தலைவர் கில்பாட்ரிக், முந்தைய போரில் பட்ட புண்ணால் படுக்கையினின்றும் எழமாட்டாத நிலையில் இருந்தார். ஓரிரவு, விடிவதற்குச் சில நாழிகைகளுக்கு முன், ஏறத்தாழ 600 பிரெஞ்சு வீரர் ஏணிகளுடன் வந்து, டால்டன் பீரங்கி மேடை எனப்பட்ட இடத்தில் புறமதில்மேல் ஏறினர். அங்குக் காவல் இருந்த சிப்பாய்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். துப்பாக்கியால் சுடவே கூடாது, கத்தியாலேயே முடிக்கவேண்டும் என்பது பிரெஞ்சு வீரருக்கு இட்ட கட்டளை.

ஆனால், இருளில் அவருட் சிலர் அம்மேடையிலிருந்த ஆழ்ந்த குழியில் வீழ்ந்து அலறினர்; அவர்தம் துப்பாக்கிகளும் வெடித்தன. இனி மறைவில்லை என்று கருதி, எஞ்சியோர் அங்கிருந்த பீரங்கிகளையே ஊரின்பக்கம் திருப்பிச் சுட்டு, முரசடித்து, தம் அரசன் வாழ்க என ஆர்த்தனர். ஊரிலிருந்தோரை அச்சுறுத்த அவர்கள் எழுப்பிய ஓசையே ஊரிலிருந்தோரை எழுப்பும் செய்தியாயிற்று. கில்பாட்ரிக் படுக்கையில் கிடந்தபடியே, தமக்கு அடுத்த நிலையிலிருந்த ஹாரிசனிடம் செய்யவேண்டுவனவற்றைச் சொன்னார். ஆபத்துக் காலத்தில் இன்னார் இன்ன இடத்தில் நிற்கவேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையால், காவற்படையினர் ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திராமல் தத்தம் இடங்களுக்கு ஓடினர். ஹாரிசன் துப்பாக்கி வீரர்களைத் தாக்குதல் நிகழும் பக்கத்திற்குக் கொண்டுவந்தான்.

இரு மதில்களுக்கும் இடையே இறங்கிய பிரெஞ்சுக்காரரின் வழிகாட்டி முதலிலேயே சுடப்பட்டு இறந்தான். வாயிலை வெடி வைத்துத் தகர்க்க வந்தவர்களும் இறந்தனர். உள்ளே போக வழி தெரியவில்லை. ஏணிகள் சிதைந்து போனமையால் வெளியே இறங்கவும் வழியில்லை. சிலர் மதிலிலிருந்து குதித்து உயிர் தப்பினர். மேடையின்மேல் ஒடுங்கி நின்ற ஏனையோர் விடியும் வரை காத்திருந்து, படைக்கலங்களைக் கீழே வைத்தனர். 300க்கு மேற்பட்ட ஐரோப்பிய வீரர் அன்று காலையில் சிறைப்பட்டனர்.